ஃபில்டரைச் சுற்றிப் போகும் தூள்: செயின் சாவின் மூச்சு வரலாறு

சென்ற மாதம் ஒரு மெக்கானிக் கடை மேசையில், கழற்றிப் போட்டிருந்த செயின் சா பிஸ்டன் ஒன்றைப் பார்த்தேன். ஒரு பக்கம் கடைசலில் விழுந்த மெல்லிய வரிகளோடு புதிதுபோல இருந்தது. மறுபக்கம் வரியெல்லாம் அழிந்து சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடந்தது.

"எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு பாருங்க. காத்து உள்ள வர்ற பக்கம். ஆயில் கம்மியாகி சூடேறியிருந்தா, புகை போற பக்கம்ல கீறியிருக்கும். இது தூள் தின்ன பிஸ்டன்" என்றார் அவர்.

"ஃபில்டர் மாட்டாம ஓட்டிட்டாங்களாண்ணே?"

"ஃபில்டர் நல்லாத்தான் இருக்கு. தூள் அதைச் சுத்தி போயிருக்கு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். தானே கிளப்பும் தூசிக்கு நடுவே உட்கார்ந்து, அதே காற்றை நாள் முழுக்க இழுத்து ஓடவேண்டிய இன்ஜின்கள் எத்தனை இருக்கும்? அதிலும் இது டூ ஸ்ட்ரோக். கார்புரேட்டர் வழியே வரும் காற்று நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் கிராங்க் அறைக்குள் நுழைந்து, பேரிங்குகளைத் தடவிவிட்டுத்தான் மேலே ஏறுகிறது. கார் இன்ஜினில் இருப்பதுபோல ஆயில் தொட்டியும் கிடையாது, ஆயில் ஃபில்டரும் கிடையாது. பெட்ரோலில் கலந்த எண்ணெயோடு தூள் சேர்ந்தால் அது தேய்ப்புப் பசைதான். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஒருநாள் ஸ்டார்ட் ஆகாது. அவ்வளவுதான்.

இன்ஜினுக்குத் தூசி எமன் என்பதை முதலில் உணர்ந்தவர்களில் டிராக்டர்காரர்களும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஃபிராங்க் டொனால்ட்சன் 1915-இல் டிராக்டருக்காக ஏர் கிளீனர் செய்து, அதையே தொழிலாக்கினார். காற்றைச் சுழலவிட்டுத் தூளைப் பிரிக்கும் உத்தி அதற்கும் முந்தையது. சைக்ளோன் எனப்படும் அந்தக் கூம்புக் கருவிக்கு 1885-இலேயே அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். பிற்பாடு மர அறுவை ஆலைகளின் கூரைமேல் இந்தக் கூம்புகள் நிரந்தரமாகக் குடியேறின. ஜேம்ஸ் டைசன் பை இல்லாத வாக்குவம் கிளீனரை யோசித்ததும் இப்படியொரு ஆலைக் கூம்பைப் பார்த்துத்தான். 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார் என்பது பிரபலமான கதை.

ஆலையில் கூம்பு வைக்க இடமிருந்தது. கையில் தூக்கும் ரம்பத்தில் ஏது இடம்?

ஆரம்பத்தில் கையில் தூக்கும் ரம்பமே கிடையாது. ஜெர்மனியில் எமில் லெர்ப் 1927-இல் துரிஞ்சியாவின் டோல்மார் மலையில் சோதித்த பெட்ரோல் ரம்பத்துக்கு இரண்டு ஆள் வேண்டும். (அந்த மலையின் பேர்தான் பிறகு கம்பெனிக்கும் பேரானது.) ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1929-இல் கொண்டுவந்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ. 1950-இல் ஒரே ஆள் பிடிக்கும்படி 16 கிலோவுக்கு இறங்கியது. 1959-இல் வந்த 'கான்ட்ரா' 12 கிலோதான், ஆனால் 6 குதிரைத்திறன். இடையில் இருந்த கியரையும் எடுத்துவிட்டார்கள். இன்ஜின் சுற்றும் வேகத்திலேயே செயின் பல்சக்கரமும் சுற்றியது.

கூடவே இன்னொரு மாற்றமும் நடந்தது. பழைய கார்புரேட்டரில் மிதவை இருந்ததால் இன்ஜினை நிமிர்த்தியே வைத்திருக்கவேண்டும். 1940-களின் இறுதியிலும் 1950-களிலும் சவ்வு வைத்த கார்புரேட்டர் பரவியபின், ரம்பத்தை எப்படிச் சாய்த்தாலும், தலைகீழாகப் பிடித்தாலும் ஓடியது. மரவெட்டிக்கு இது பெரிய விடுதலை. ஃபில்டருக்குத் தலைவலி. எடை குறைந்தது, வேகம் கூடியது, எந்தக் கோணத்திலும் ஓடியது. நாம் கொண்டாடும் இந்த மூன்று முன்னேற்றமும் சேர்ந்துதான் இன்ஜினின் மூக்கைத் தூளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தன என்பது என் எண்ணம்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜோ காக்ஸ். அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் வேலை செய்த மரவெட்டி. 1946-இல் ஒரு வெட்டிய அடிமரத்தில், வண்டுப் புழு ஒன்று மரத்தைத் தின்றுபோவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். புழுவின் தாடைகள் இடமும் வலமுமாகச் சீவிக்கொண்டு போயின. அதுவரை இருந்த செயின் பற்கள் மரத்தைக் கீறின. அடிக்கடி அரம் போடவும் வேண்டியிருந்தது. காக்ஸ் புழுவின் தாடையைப் பார்த்து, சீவி எடுக்கும் பல்லைச் செய்து 1947-இல் கம்பெனி தொடங்கினார். வேகமாக வெட்டத்தான் அவர் அதைச் செய்தார். ஆனால் கீறினால் மாவு விழும், சீவினால் செதில் விழும். செதில் கனமானது, தரையில் விழுந்துவிடும். மாவுதான் பறந்து ஃபில்டரைத் தேடிவரும். இன்றைக்கும் மழுங்கிய செயின் துப்புவது மாவைத்தான். ஆக, செயின் சாவின் முதல் ஃபில்டர் அரம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆலைக் கூம்பின் உத்தி 1990-களில் ரம்பத்துக்குள்ளும் வந்துசேர்ந்தது. ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா, சிலிண்டரைக் குளிர்விக்கச் சுற்றும் ஃப்ளைவீல் விசிறியையே இதற்கும் பயன்படுத்தியது. சுழலும் காற்றில் கனமான தூள் வெளிவட்டத்துக்கு ஒதுங்கிவிடும். உள்வட்டத்தில் இருக்கும் சுத்தமான காற்றை மட்டும் ஃபில்டருக்கு அனுப்பினார்கள். அழகான ஏற்பாடு.

ஆனாலும் மெக்கானிக் சொன்ன பிரச்சினை இதிலெல்லாம் தீராது. ஃபில்டர் வலை எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அது காற்றைத் தடுக்கும். தூள் அடைக்க அடைக்க இன்னும் தடுக்கும். இன்ஜினோ இழுப்பதை நிறுத்தாது. அப்போது காற்று எளிதான வழியைத் தேடும். விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். சில ஃபில்டர்களை இரண்டு பாதியாகப் பிரித்துக் கழுவலாம்; வசதிதான், அந்தப் பொருத்துமே ஒரு ஓட்டை. இன்னொன்று, கை நடுக்கத்தைக் குறைக்க இன்ஜினைக் கைப்பிடியிலிருந்து பிரித்து ரப்பரில் நிறுத்தியபின், பல ரம்பங்களில் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே வளையும் ரப்பர் குழாய் தேவைப்பட்டது. விரல்களைக் காப்பாற்றிய நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த ரப்பர் வெடித்தால் ஃபில்டரைத் தாண்டிய இடத்திலேயே காற்று கசியும்.

இதற்கெல்லாம் அந்தக் கடையில் பார்த்த வைத்தியம் எளிமையானது. முதலில் சோக்கை மூடி, மூடியைச் சுற்றியுள்ள தூளைத் துடைத்தபின்தான் ஃபில்டரைக் கழற்றுகிறார். இல்லாவிட்டால் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நாமே தூளை உள்ளே தள்ளிவிடுவோம். காற்றடித்தால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக. ஃபில்டர் உட்காரும் விளிம்பில் விரல் நுனியால் மெல்லிசாகக் கிரீஸ். கார்புரேட்டர் வாயின் உட்புறத்திலும் துளியூண்டு தடவி, கொஞ்ச நேரம் அறுத்துவிட்டுத் திறந்து பார்க்கிறார். தூள் கோடாக ஒட்டியிருந்தால், எந்தப் பக்கம் கசிகிறது என்று அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் பழைய பிஸ்டனோடு வந்த ஃபில்டரை அவர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வலையில் ஒரு கிழிசல் இல்லை. விளிம்பின் ஒரு மூலையில் மட்டும் இரண்டு அங்குல நீளத்துக்குப் பழுப்புக் கோடு.

"இவ்ளோதாங்க. இவ்ளோ தடவ ஒரு சொட்டு கிரீஸ் போதும்" என்றார்.