ஊசித் துளையும் வியர்வையும்: மழை ஜாக்கெட்டின் 200 வருஷக் கதை

1/ 2020 ஏப்ரல். ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு ஒரு புது அங்கீகாரம் கிடைச்சது. என்.ஏ.பி.எல் கொடுத்தது. எதுக்குத் தெரியுமா? ஒரு துணி வழியா ரத்தம் ஊடுருவுமான்னு சோதிச்சுச் சான்று கொடுக்க!

2/ டாங்கி செய்யுற இடத்துக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம்? இதுக்குப் பதில் தேடினா, நீங்க ட்ரெக்கிங்குக்கு வாங்க நினைக்கிற அந்த 300 கிராம் ரெயின் ஜாக்கெட்டின் மொத்த வரலாறும் கூடவே வரும். "டாக்டர், எந்த ஜாக்கெட் வாங்கலாம்?" என்று கேட்கும் நண்பர்களுக்காக இந்த இழை. பிராண்டு பெயர் சொல்லப் போவதில்லை. கதையைக் கேட்டா நீங்களே தேர்ந்தெடுத்துடுவீங்க.

3/ முதலில் நம்ம ஊர். சாக்கை ஒரு மூலையில் உள்பக்கமா மடிச்சு, தலையில் மாட்டி முதுகு வரை தொங்கவிடுவாங்க. கொங்காணி என்று பெயர். நாத்து நடுறவங்க, ஆடு மேய்க்கிறவங்க எல்லோரும் போட்டது. மழை முதுகில் விழும், முன்பக்கம் திறந்தே இருக்கும். உடம்புச் சூடும் வியர்வையும் அந்த வழியா போயிடும். இந்த "திறந்த முன்பக்கம்" என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில் தேவைப்படும்.

4/ இப்போ ஸ்காட்லாந்து, 1818. எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் என்று 18 வயசு மாணவர். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தாவில் ரப்பர் கரையும், அந்தக் கரைசலைத் துணியில் பூசினா தண்ணி இறங்காது என்று கண்டுபிடிச்சு எழுதினார். காப்புரிமை வாங்கலை. மருத்துவப் படிப்பில் மூழ்கிட்டார்.

5/ 1823ல் கிளாஸ்கோவின் சார்லஸ் மக்கின்டாஷ் அதே வழியில் காப்புரிமை வாங்கினார். ரெண்டு துணிக்கு நடுவில் ரப்பர், சாண்ட்விச் மாதிரி. ஆங்கிலத்தில் மழைக்கோட்டுக்கே அவர் பெயர் நிலைச்சுப் போச்சு.

6/ அந்த மாணவர் என்ன ஆனார்? அறுவை சிகிச்சை படிச்சவங்களுக்கு "சைம்ஸ் ஆம்ப்யுடேஷன்" தெரியும். கணுக்கால் மூட்டோடு பாதத்தை அகற்றும் முறை. அந்த சைம்தான் இவர். இவருடைய மருமகன் ஜோசப் லிஸ்டர், 1867ல் கார்பாலிக் அமிலத்தால் கிருமி நீக்கி அறுவை செய்வதை எழுதியவர். கார்பாலிக் அமிலமும் நிலக்கரித் தாரிலிருந்து வந்ததுதான். மாமனாருக்கு மழைக்கோட்டு, மருமகனுக்கு கிருமிநாசினி. ரெண்டுக்கும் ஒரே தார்!

7/ மக்கின்டாஷ் கோட்டுக்கு மூணு குறை. ஒண்ணு: வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்து ரப்பரைச் சூடாக்கும் முறை 1839ல் அமெரிக்காவின் குட்இயருக்குப் பிடிபட்டது. இங்கிலாந்தில் ஹான்காக்கும் அதைச் செய்தார். அந்தக் குறை தீர்ந்தது.

8/ இரண்டாவது: ஊசி. தண்ணி இறங்காத துணியை வாங்கித் தையல்காரரிடம் கொடுத்தாங்க. அவர் தைச்சார். தையல் நெடுக நூற்றுக்கணக்கில் துளை. மழை அந்த வழியா உள்ளே வந்தது. துணி தோற்கலை, தையல் தோத்தது.

9/ மூன்றாவது: வியர்வை. வெளித் தண்ணியை விடாத துணி, உள் ஈரத்தையும் விடாது. மழையில் நனையாத மனுஷன், தன் வியர்வையிலேயே நனைஞ்சான்.

10/ முதல் குறை இருபது வருஷத்தில் தீர்ந்தது. ரெண்டாவதும் மூணாவதும் இன்னைக்கும் நம்மை விடலை. ஜாக்கெட் வாங்குறது என்றால், இந்த ரெண்டுக்கும் விடை தேடுவதுதான்.

11/ இந்தியாவில்? 1920ல் கல்கத்தாவில் சுரேந்திர மோகன் போஸ் தொடங்கிய பெங்கால் வாட்டர்ப்ரூஃப். அதன் "டக்பேக்" ரெயின்கோட்டையும் ஸ்கூல் பையையும் நம்ம அப்பா அம்மா தலைமுறைக்கு நல்லாத் தெரியும். சுதேசி காலத்துச் சரக்கு. கனம் அதிகம், காத்துப் போகாது, ஆனா சொட்டு இறங்காது.

12/ காத்துப் போகும், தண்ணி இறங்காது என்ற முயற்சியில் முக்கியமானது இரண்டாம் உலகப் போரில் மான்செஸ்டரில் வந்த "வென்டைல்". நெருக்கமா நெய்த பருத்தி. நனைஞ்சதும் நூல் வீங்கி இடைவெளியை அடைச்சுக்கும். கடலில் விழும் விமானிகளுக்காகச் செய்தது. நல்ல துணி, ஆனா நனைஞ்சா கனம். முதுகில் சுமந்து நடக்கிறவருக்கு ஒத்து வராது.

13/ அடுத்த திருப்பம் டெஃப்லான். 1938ல் ராய் பிளங்கெட் தற்செயலாக் கண்டுபிடிச்சது. 1969ல் அமெரிக்காவின் பாப் கோர், சூடாக்கிய டெஃப்லான் தண்டை மெதுவா இழுத்து இழுத்துப் பார்த்தார், உடைஞ்சுக்கிட்டே இருந்தது. கடுப்பில் ஒரே வெடுக்! உடையாம பல மடங்கு நீண்டது. உள்ளே கோடிக்கணக்கில் நுண்துளைகள். அதுதான் கோர்-டெக்ஸ்.

14/ துளை நீர்த்துளியைவிட சுமார் 20,000 மடங்கு சின்னது, நீராவி மூலக்கூறைவிட சுமார் 700 மடங்கு பெரியது என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. மழை உள்ளே வராது, ஆவி வெளியே போகும். இதே பொருளை மருத்துவமனையிலும் பார்க்கலாம். நரம்பு சரியில்லாத டயாலிசிஸ் நோயாளியின் கையில் வைக்கும் செயற்கைக் குழாய், நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளின் இதயத்தருகே வைக்கும் ஷன்ட், இரண்டும் இதிலிருந்து வருபவை.

15/ அப்படியும் முதல் தலைமுறை ஜாக்கெட் ஒழுகியது. உடம்பு எண்ணெய் சவ்வைக் கெடுத்தது, அதனால் மேலே இன்னொரு பூச்சு சேர்த்தாங்க. தையலும் ஒழுகியது! அதுக்கு, தையல் மேலே உள்பக்கமா வெப்பத்தால் ஒட்டும் டேப் வந்தது. மக்கின்டாஷின் ஊசித் துளைக்கு ஒன்றரை நூற்றாண்டு கழிச்சு ஒழுங்கான பதில்.

16/ இப்போ ஆவடிக்குத் திரும்புவோம். 2020 மார்ச். கொரோனா. கவச உடைக்கு நாடு முழுக்கத் தட்டுப்பாடு. அதுவரை இந்தியாவில் அந்த உடையைத் தைச்சவங்க கிட்டத்தட்ட யாரும் இல்லை. 1961 முதல் ராணுவச் சீருடை தைக்கும் ஆவடி ஓ.சி.எஃப் உட்பட, ராணுவ உடைத் தொழிற்சாலைகள் கவச உடைக்கு மாறின.

17/ துணி கிடைச்சது, தைக்க ஆள் இருந்தாங்க. எங்கே இடிச்சது? ஊசித் துளையில்! தையல் மேல் ஒட்டும் டேப்புக்குத் தட்டுப்பாடு. வெப்பத்தால் ஒட்டும் இயந்திரங்களை அவசரமா வரவழைச்சாங்க. டி.ஆர்.டி.ஓ, நீர்மூழ்கிக் கப்பலுக்கு உருவாக்கிய ஒட்டுப் பசையை அடிப்படையா வெச்சு மாற்றுப் பொருள் தயாரிச்சது. 1823ன் பிரச்சினை, 2020ல் நம்ம ஊர் மேசையில்.

18/ தைச்சதைச் சோதிக்கணுமே? கோவையில் சிட்ரா இருந்தது, ஆனா வேலை மலை போல் குவிஞ்சது. அதனால்தான் கான்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் அங்கீகாரம் வாங்கின. சிவப்பு நிறச் செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணி மேல் வெச்சு, மறுபக்கம் கசியுதான்னு பார்ப்பாங்க. ரத்தத்துக்குப் பரப்பு இழுவிசை தண்ணியைவிடக் குறைவு, சுலபமாப் புகுந்துடும். மே மாதத்துக்குள் நாடு நாளுக்கு 2 லட்சத்துக்கும் மேல் கவச உடை தயாரிச்சது.

19/ ஊசித் துளையை அடைச்சாச்சு. மூணாவது குறை? அந்த உடை போட்டு ஏ.சி. நிறுத்திய வார்டில் வேலை பார்த்த எல்லா டாக்டர், நர்ஸ், தூய்மைப் பணியாளரிடமும் கேளுங்க. அரை மணியில் உள்ளே தொப்பல். கழற்றும்போது கையுறையிலிருந்து வியர்வை ஊத்தும். கிருமி வரக்கூடாது என்பதால் அதைத் தாங்கினோம். மலையில் நீங்க அதைத் தாங்க வேண்டிய அவசியமில்லை.

20/ ஏன் தொப்பல்? கணக்கு சிம்பிள். ஆவி அழுத்தம் கூடின இடத்திலிருந்து குறைஞ்ச இடத்துக்குப் போகும். பி.பி. அளக்கும் அதே மி.மீ. பாதரசத்தில் சொல்றேன். 35 டிகிரி ஈரத் தோலில் சுமார் 42. நவம்பர் மழையில் ஆவடி, 26 டிகிரி: வெளியே சுமார் 25. வித்தியாசம் 17தான். மலையில் 12 டிகிரி: வெளியே சுமார் 10, தோல் 33க்கு இறங்கினாலும் அங்கே 38. வித்தியாசம் 28.

21/ அதாவது விலை உயர்ந்த "மூச்சு விடும்" துணி, குளிர்ந்த மலையில் நல்லா வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பைக்கில் போக அதுக்குக் காசு கொட்ட வேண்டாம். பைக்கில் உட்கார்ந்துதானே போறோம், வியர்வை குறைவு. ரோட்டோரம் விற்கும் பேன்ட்-ஷர்ட் ரெயின்கோட்டே போதும்.

22/ லேபிளில் "10,000 கிராம்" என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி வழியா 24 மணி நேரத்தில் போகும் ஆவி. அதாவது மணிக்கு சுமார் 400 மி.லி, அதுவும் ஆய்வகச் சூழலில். ஜாக்கெட்டில் இருக்கும் துணியும் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்தான். சுமையோடு ஏறும்போது மொத்தமா மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கலாம், அதில் பாதி ஜாக்கெட்டுக்குள்ளே. துணியை மட்டும் நம்பினா கணக்கு உதைக்கும்.

23/ அதனால் இப்போ கொங்காணிக்கு வருவோம். திறப்பு! அக்குள் பக்கம் ஜிப், இரண்டு பக்கமும் திறக்கும் முன் ஜிப், தளர்வான கை. இல்லைன்னா, பையையும் சேர்த்து மூடும் பான்ச்சோ. நம்ம பாட்டன் சாக்கில் செஞ்சதை நைலானில் செய்றோம், அவ்வளவுதான். காத்து அதிகமான முகட்டில் மட்டும் பான்ச்சோ படபடக்கும், அங்கே ஜாக்கெட்தான் சரி.

24/ கடையில் பார்க்க வேண்டியது:
• ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்புங்க. எல்லாத் தையல் மேலும் டேப் இருக்கா? தோளிலும் தலைமூடியிலும் கட்டாயம் வேணும்.
• தண்ணி தாங்கும் அளவு 10,000 மி.மீ. போதும். பத்து மீட்டர் தண்ணீர்த் தூணின் அழுத்தம் அது. பை வார் அழுத்தும் தோளுக்குத்தான் இந்த அளவு தேவை.
• எடை 250 முதல் 350 கிராம். ரொம்ப லேசானது முள்ளில் கிழியும்.
• உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட்டாலும் கை தூக்க முடியணும்.

25/ மேல்துணியில் தண்ணி முத்து முத்தா உருளும் பூச்சு தேயும். தேஞ்சா துணி நனைஞ்சு, ஆவி போகும் வழி அடைபடும். ஜாக்கெட் கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க. லேசா அலசி, லேபிளில் சொன்ன அளவு சூடு காட்டினா பெரும்பாலும் திரும்ப வரும். புதுசா வாங்கினா பி.எஃப்.ஏ.எஸ் இல்லாத பூச்சு பாருங்க. அந்தக் குடும்பத்தின் பி.எஃப்.ஓ.ஏ, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2023ல் ஐ.ஏ.ஆர்.சி வகைப்படுத்தியது.

26/ இவ்வளவு ஏன் சொல்றேன்? வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலைப் பாதைகளைத் திறந்திருக்கு. புதுசா நிறைய பேர் ஏறுறாங்க. கொழுக்குமலை மாதிரி 7,000 அடி உயரத்தில், நனைஞ்ச பருத்தி பனியனோடு காத்தில் நின்னா, நம்ம ஊர் மனுஷனுக்கும் உடல் வெப்பம் 35க்குக் கீழே இறங்கும். மழையில் நனைஞ்சாலும் வியர்வையில் நனைஞ்சாலும் உடம்புக்கு ஒண்ணுதான்.

27/ கூட வந்தவர் நடுங்குறார், வார்த்தை குழறுது, கால் தடுமாறுதுன்னா உடனே நிறுத்துங்க. காத்துப் படாத இடம், ஈர உடை மாத்துங்க, தலையோட மூடுங்க, தெளிவா இருந்தா சூடா இனிப்பா குடிக்கக் கொடுங்க. சாராயம் கூடவே கூடாது. நடுங்கிட்டு இருந்தவர் நடுக்கம் நின்னு சோர்ந்து போனா அது நல்ல அறிகுறி இல்லை, ஆபத்து. உடனே உதவி கூப்பிட்டுக் கீழே இறக்குங்க.

28/ பைக்குள்ள ஒரு பாலித்தீன் உறையில் காய்ஞ்ச பனியன் ஒண்ணு எப்பவும் இருக்கட்டும். 50 ரூபாய்ப் பொருள். எவ்வளவு விலை ஜாக்கெட் போட்டாலும், கூடாரத்துக்கு வந்ததும் அதைத்தான் முதலில் தேடுவீங்க.