மதராஸ்பட்டினத்து ஓநாய்: ஒரு சிலந்தி "புது இனம்" ஆவது எங்கே?

ஓநாய்ச் சிலந்தி வலை கட்டாது, ஓடிப் பிடித்துத் தின்னும் என்றுதான் புத்தகங்களில் படித்திருப்போம். பெயரும் அப்படி வந்ததுதான். கிரேக்க மொழியில் லைகோஸ் என்றால் ஓநாய். 1804-இல் லாட்ரேய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் லைகோசா என்று ஒரு பேரினத்துக்குப் பெயர் வைத்தார். இன்றைக்கு அந்தக் குடும்பத்தில் 2,400-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

ஆனால் இந்தக் குடும்பத்திலேயே வலை கட்டுகிற ஒரு கூட்டமும் உண்டு. ஹிப்பாசா என்று பெயர். காலையில் புல்தரையில் பனி படிந்த வெள்ளைத் துணி மாதிரி விரிந்து, ஒரு மூலையில் புனல் போல உள்ளே போகும் வலையைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்குள் பெரும்பாலும் இதுதான் உட்கார்ந்திருக்கும். நெசவாளர் ஊரான ஆரணியில் இருந்துகொண்டு ஓநாய்களைப் பற்றிப் படித்தால், நெய்கிற ஓநாய் மேல் ஒரு தனிப் பாசம் வரத்தானே செய்யும்!

அந்த ஹிப்பாசாவில் ஒன்றுக்கு ஹிப்பாசா மதராஸ்பட்டானா என்று பெயர். நம்ம மதராஸ்பட்டினமேதான். பெயர் வைத்தவர் ஃபிரெடரிக் ஹென்றி கிரேவ்லி, 1920 முதல் 1940 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவர். 1924-இல் இந்திய ஓநாய்ச் சிலந்திகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை கல்கத்தாவில் இந்தியன் மியூசியத்தின் ஆய்விதழில் வந்தது. அதில்தான் மதராஸ்பட்டானாவும் ஹிப்பாசா ஹிமாலயென்சிஸ் என்ற மலைக்கார ஓநாயும் பெயர் பெற்றன. கடற்கரை ஊர் ஒன்று, இமயமலை ஒன்று, இரண்டும் ஒரே கட்டுரையில்.

இதே கிரேவ்லிதான் 1932-இல் டி.என். ராமச்சந்திரனோடு சேர்ந்து எழும்பூரில் உள்ள தென்னிந்திய இந்து உலோகப் படிமங்களின் பட்டியலையும் வெளியிட்டவர். சிலந்திக்கும் செப்புத் திருமேனிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. கையில் என்ன ஆயுதம், ஜடை எப்படி, எந்தக் கால் மடங்கியிருக்கிறது என்று பார்த்து, பக்கத்தில் இன்னொன்றை வைத்து ஒப்பிட்டால்தான் எந்தத் தெய்வம், எந்தக் காலம் என்று சொல்ல முடியும். சிலந்தியும் அப்படித்தான்.

ஓநாய்ச் சிலந்தி என்று குடும்பத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். எட்டுக் கண்களும் மூன்று வரிசையில் இருக்கும்: கீழே சின்னதாக நான்கு, நடுவில் பெரிதாக இரண்டு, மேலே இரண்டு. ராத்திரி டார்ச் அடித்தால் பளிச்சென்று மின்னும். தாய் முட்டைப் பையைப் பின்புறம் நூல் சுரக்கும் உறுப்பில் ஒட்டிக்கொண்டே திரியும். பொரிந்த குஞ்சுகள் அவள் முதுகில் ஏறிக்கொள்ளும். இது வரைக்கும் போட்டோவே போதும்.

எந்த இனம் என்று கேட்டால்தான் சிக்கல். நிறம், கோடு, அளவு எதையும் நம்ப முடியாது, ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். ஆண் என்றால் வாயருகே சிறு கை போல இருக்கும் உறுப்பின் நுனிக் குமிழ், பெண் என்றால் வயிற்றடியில் உள்ள இனப்பெருக்கத் தகடு, இவற்றை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். குஞ்சுகளில் இவை வளர்ந்திருக்காது, அதனால் குஞ்சை வைத்து இனம் சொல்வது பொதுவாக நடக்காத காரியம். மடித்து வைத்த பட்டுச்சேலையைப் பார்த்துத் தரம் சொல்ல முடியுமா? பிரித்து, பின்பக்கம் திருப்பி, இழையைப் பார்க்கணும் இல்லையா? அதே கதைதான்.

அதோடு முடியவில்லை. பார்த்ததை எதோடு ஒப்பிடுவது? ஒவ்வொரு இனப் பெயருக்கும் பின்னால் மூல மாதிரி என்று குறிக்கப்பட்ட ஓர் உடல் இருக்கும், ஏதோ ஓர் அருங்காட்சியகத்தில், ஆல்கஹால் குடுவையில். அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்ற சந்தேகம் வந்தால் கடைசித் தீர்ப்பு அந்தக் குடுவைதான். மென்பொருள்காரர்களுக்குச் சொன்னால், விவரணை எல்லாம் டாக்குமென்டேஷன், குடுவைதான் சோர்ஸ் கோடு.

மலைவாழ் இனங்களில் இது இன்னும் முக்கியம். மலையுச்சிகள் தீவுகள் மாதிரி. குளிரில் வாழப் பழகிய உயிர் கீழே இறங்கி அடுத்த மலைக்குப் போவது கடினம், அதனால் பிரிந்து தனி இனமாகும் வாய்ப்பு உண்டு. "இந்த மலையில் மட்டும்தான் இருக்கும், புதுசுதான்" என்று அவசரப்படத் தோன்றும். ஆனால் பி.கே. டிகாடர் 1970-இல் சிக்கிமில் சுமார் 13,000 அடி உயரத்தில் இருக்கும் குபுப் என்ற ஊரின் பெயரில் பதிவுசெய்த பார்டோசா குபுபாவைப் பாருங்கள். அது சீனாவிலும் இருப்பதாக இன்றைய பட்டியல் சொல்கிறது. 1988-இல் சீனாவில் பார்டோசா புரோகர்வா என்று பெயர் பெற்ற சிலந்தி இந்தியாவிலும் கிடைத்தது. 2017-இல் இந்திய ஆய்வாளர்கள் அதற்காக ஓவியா என்று புதுப் பேரினமே அமைத்தார்கள். இனப் பெயர் மட்டும் சீனாவில் வைத்ததுதான். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கட்டுரையைப் படிக்காமல் பெயர் வைத்தால் ஒரே சிலந்திக்கு இரண்டு பெயர் வந்துவிடும். பிறகு யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஆரணியிலிருந்து மேற்கே போனால் ஜவ்வாது மலை. அங்கே எடுத்த போட்டோவைக் காட்டி "இது புது இனமா சார்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: இருக்கலாம், ஆனால் அது மலையில் தெரியாது, குடுவைக்குப் பக்கத்தில் குடுவை வைத்தால்தான் தெரியும். காட்டுக்குள் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். புது இனம் என்று உறுதியானால், 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி அதைத் தெரிவித்து, மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் வைக்க வேண்டும். சிலர் இதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளைக்கு இன்னொருவர் நம் முடிவைச் சோதிக்க வேண்டுமானால் வேறு வழி ஏது? ஆல்கஹால் வற்றிப்போன ஒரு குடுவையால் ஓர் இனப் பெயரே அந்தரத்தில் நிற்கும் நிலை வரலாம்.

கிரேவ்லி கட்டுரை வந்த அதே 1924-இல், எவரெஸ்ட் பயணக் குழுவோடு போன மருத்துவர் ஹிங்ஸ்டன் சுமார் 22,000 அடி உயரத்தில் சில சிலந்திகளைப் பிடித்தார். அவை ஓநாய் இல்லை, தாவும் சிலந்தி. அவற்றுக்கு வான்லெஸ் என்பவர் ஒரு பெயர் வைத்தது 1975-இல். 51 வருஷம்! அத்தனை காலமும் அந்த "புது இனம்" பத்திரமாகத்தான் இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் வரும்வரை. ஜவ்வாது மலைச் சிலந்தி ஒன்றும் இப்படி ஏதாவது ஓர் அலமாரியில் காத்திருக்கலாம். மலை ஏற ஆசைப்படுகிற இளைஞர்களில் ஒன்றிரண்டு பேர் அந்த அலமாரிப் பக்கமும் போனால் நன்றாக இருக்கும்.