படையாட்சியும் குடியாட்சியும்: பர்மா தரும் பாடம்

"நாட்டைப் பட்டாளத்திடம் ஒப்படைத்தால்தான் உருப்படும்" என்று நம் இளைஞர் சிலர் கூறக் கேட்கிறோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை தேடிச் சலித்தவர்களும், கையூட்டுக் கண்டு மனம் வெறுத்தவர்களும் அவ்வாறு கூறுவதில் வியப்பில்லை. நம் சமூகத்தார் பலர் பட்டாளத்தில் பணியாற்றிப் பெருமை சேர்த்துள்ளனர். படைவீரரை இகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் படை நாட்டைக் காப்பது வேறு, நாட்டை ஆள்வது வேறு. இதனை உணர, நம் மாவட்டத்துச் செங்குன்றம், பாடியநல்லூர்ப் பகுதிகளில் குடியேறிய பர்மாத் தமிழரின் வரலாறே போதும்.

ஆங்கிலேயர் காலத்தில் வட்டித் தொழிலுக்காகப் பர்மா சென்ற செல்வர் சிலர். இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கவும், அரிசி ஆலைகளில் உழைக்கவும் கப்பலேறிய ஏழைகளோ பல்லாயிரவர். நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களும் அவருள் இருந்தனர்.

1948 சனவரி 4இல் பர்மா விடுதலை பெற்றது. ஆனால் 1947 சூலை 19இலேயே அதன் பெருந்தலைவர் ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். விடுதலைக்குப் பின் கம்யூனிஸ்டுகளும் கரேன் இனத்தாரும் ஆயுதமேந்தினர். பிரதமர் ஊ நூவின் கட்சி 1958இல் பிளவுபட்டது. அவ்வாண்டே படைத்தலைவர் நே வின் இடைக்கால அரசு அமைத்தார். 1960இல் தேர்தல் நடத்தி ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தார். ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் அன்றோ? 1962 மார்ச் 2இல் ஆட்சியை முற்றாகக் கைப்பற்றினார். பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அவ்வாண்டு சூலையில் இரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் சுடப்பட்டனர்; மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

அடுத்து வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாத் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. வட்டிக் கடனால் நிலமிழந்த பர்மிய உழவரின் மனக்குறை மெய்யே. ஆனால் அடி விழுந்தது வட்டிக்கடைக்காரர் மீது மட்டுமா? பெட்டியில் காசு சேர்த்த கூலியாளும் சிக்கினார். சுமார் 3 இலட்சம் இந்தியர் வெளியேறினர். பலர் வெறுங்கையோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். தரைவழி வந்த சிலர் மணிப்பூரின் மோரேயில் தங்கினர். அவர்கள் குறையை எடுத்துரைக்க அங்கே மக்கள் மன்றம் இல்லை.

அந்நாடு பின்னரும் எளிதில் மீளவில்லை. 1990 தேர்தலில் ஆங் சான் சூ சியின் கட்சி 485 இடங்களில் 392ஐ வென்றும் படையினர் ஆட்சியைத் தரவில்லை. 2008 அரசியலமைப்பு பாராளுமன்றத்தில் கால்பங்கு இடங்களைப் படைக்கே ஒதுக்கியது. 2021 பிப்ரவரி 1இல் மீண்டும் படை ஆட்சியைப் பறித்தது.

நம் நாடு தப்பியது எவ்வாறு? 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்து, அதனைச் சட்டத்திற்கு உட்படுத்தியது. வெள்ளையர் காலத்தில் சொத்தும் கல்வியும் உடையோர்க்கே வாய்த்த வாக்குரிமை, வயது வந்த அனைவர்க்கும் உரியதாயிற்று. சேரிக்கும் ஊருக்கும் வாக்குச்சீட்டின் மதிப்பு ஒன்றாயிற்று.

ஆயினும் குடியாட்சி தானே தன்னைக் காத்துக்கொள்ளாது. 1975 சூன் முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலையின்போது, படை ஆளாமலேயே நம் உரிமைகள் முடக்கப்பட்டன. அதனைக் கொணர்ந்த அரசை 1977இல் மக்கள் வீழ்த்தியது வாக்கினால்தான், துப்பாக்கியால் அன்று.

1954இல் உலக பௌத்த மாநாட்டிற்காக இரங்கூன் சென்றவர் அண்ணல் அம்பேத்கர். தனிமனிதரை வழிபடும் அரசியல் சர்வாதிகாரத்தில் முடியும் என்று அவர் 1949 நவம்பரிலேயே அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். ஊழல் அமைச்சரை ஐந்தாண்டில் அகற்றலாம்; பீரங்கியோடு வந்தவரை அகற்றத் தலைமுறைகள் ஆகும். செல்வர்க்கு எவ்வாட்சியிலும் வழியுண்டு. நமக்கோ வாக்கும் சட்டமுமே வலிமை. அவற்றை அறிந்து ஆளும் கல்வியை ஒவ்வோர் இல்லத்திற்கும் கொண்டு சேர்ப்பதே, வெள்ளி விழாக் காணும் நம் கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும்.