இருபது20 உலகக்கிண்ணத்தில் இலங்கை அணி (2007–2024)

இலங்கைத் துடுப்பாட்ட அணி, 2007 முதல் 2024 வரை நடைபெற்ற ஒன்பது ஆடவர் இருபது20 உலகக்கிண்ணத் தொடர்களிலும் பங்குபற்றியுள்ளது. 2014இல் வங்காளதேசத்தில் நடந்த தொடரில் கிண்ணத்தை வென்றது. 2009, 2012 ஆகிய ஆண்டுகளில் இறுதிப் போட்டியில் தோற்று இரண்டாம் இடத்தைப் பெற்றது. 2010இல் அரையிறுதி வரை முன்னேறியது. முதல் ஐந்து தொடர்களில் மூன்று முறை இறுதிப் போட்டிக்கு வந்த ஒரே அணி இலங்கையே. ஆனால் 2014இன் பின்னர் நடந்த நான்கு தொடர்களில் ஒருமுறையேனும் அவ்வணி அரையிறுதியை எட்டவில்லை. இவ்வளவு தெளிவாக இரண்டாகப் பிரியும் வரலாறு முன்னணி அணிகளுக்குள் அரிது. 2014இன் வெற்றி ஒரு தலைமுறையின் நிறைவாக அமைந்ததே அன்றி, அடுத்த தலைமுறையின் தொடக்கமாக அமையவில்லை என்பதை இத்தொடர்களின் முடிவுகள் காட்டுகின்றன.

தொடக்கம்: 2007

முதலாவது தொடர் 2007 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் இடம்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் பார்படோசில் நடந்த ஒருநாள் உலகக்கிண்ண இறுதியில் அவுஸ்திரேலியாவிடம் தோற்றிருந்த இலங்கை, மகேல ஜயவர்தனவின் தலைமையில் இத்தொடரில் களமிறங்கியது. செப்டம்பர் 14ஆம் திகதி ஜொகானஸ்பேர்க்கில் கென்யாவுக்கு எதிராக 6 விக்கெட் இழப்புக்கு 260 ஓட்டங்களைக் குவித்தது. சனத் ஜயசூரிய 44 பந்துகளில் 88 ஓட்டங்களும், ஜயவர்தன 27 பந்துகளில் 65 ஓட்டங்களும் எடுத்தனர். கென்யா 88 ஓட்டங்களுக்குச் சுருண்டதால் 172 ஓட்டங்களால் வெற்றி கிடைத்தது. எனினும் அடுத்த சுற்றில் பாகிஸ்தானிடமும் அவுஸ்திரேலியாவிடமும் தோற்று இலங்கை வெளியேறியது. அவுஸ்திரேலியாவுடனான ஆட்டத்தில் எடுத்தது 101 ஓட்டங்கள் மட்டுமே.

லாகூருக்குப் பின்: 2009

2009 மார்ச் 3ஆம் திகதி, பாகிஸ்தானின் லாகூர் நகரில் டெஸ்ட் போட்டிக்காக மைதானத்துக்குச் சென்றுகொண்டிருந்த இலங்கை அணியின் பேருந்து மீது ஆயுததாரிகள் தாக்குதல் நடத்தினர். பாதுகாப்புக்குச் சென்ற பொலிசார் உட்பட எட்டுப் பேர் உயிரிழந்தனர். திலான் சமரவீர, ஜயவர்தன, குமார் சங்கக்கார, அஜந்த மென்டிஸ் உள்ளிட்ட வீரர்கள் காயமடைந்தனர். மூன்று மாதங்களின் பின்னர் இங்கிலாந்தில் தொடங்கிய உலகக்கிண்ணத்துக்கு இலங்கை புதிய அணித்தலைவர் சங்கக்காரவுடன் சென்றது. காயமடைந்தோரில் சங்கக்கார, ஜயவர்தன, மென்டிஸ் ஆகியோர் அத்தொடரிலும் விளையாடினர்.

அந்த அணியின் பந்துவீச்சில் மூன்று வேறுபட்ட கலைகள் இணைந்திருந்தன. லசித் மாலிங்க தோளை உயர்த்தாமல் பக்கவாட்டில் கையைச் சுழற்றி யோர்க்கர் பந்துகளை வீசினார். மென்டிஸ் நடுவிரலால் சுண்டி வீசிய பந்து எப்பக்கம் திரும்பும் என்று துடுப்பாட்ட வீரர்கள் தடுமாறினர். முத்தையா முரளிதரனின் அனுபவமும் சுழலும் இவற்றோடு சேர்ந்தன. துடுப்பாட்டத்தில், குனிந்து பந்தை விக்கெட் காப்பாளரின் தலைக்கு மேலாகத் தூக்கி அடிக்கும் திலகரத்ன டில்ஷானின் உத்தி இத்தொடரில் பெரும் புகழ் பெற்றது.

இறுதிப் போட்டிக்கு முன் விளையாடிய ஆறு ஆட்டங்களிலும் இலங்கை வென்றது. அரையிறுதியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக டில்ஷான் ஆட்டமிழக்காமல் 96 ஓட்டங்கள் எடுத்தார். பதிலுக்கு ஆடிய மேற்கிந்தியத் தீவுகளின் முதல் ஓவரிலேயே அஞ்செலோ மத்தியூஸ் மூன்று விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஜூன் 21ஆம் திகதி லோர்ட்ஸ் மைதானத்தில் நடந்த இறுதியில் எதிரணியாக வந்தது பாகிஸ்தான். தொடர்நாயகனாகத் தெரிவான டில்ஷான் அன்று முதல் ஓவரிலேயே ஓட்டமின்றி ஆட்டமிழந்தார். சங்கக்கார ஆட்டமிழக்காமல் 64 ஓட்டங்கள் எடுத்தும் இலங்கை 138 ஓட்டங்களையே பெற்றது. சாகிட் அஃப்ரிடியின் 54 ஓட்டங்களோடு பாகிஸ்தான் 8 விக்கெட்டுகளால் வென்றது.

சொந்த மண்ணில் தோல்வி: 2010–2012

2010இல் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த தொடரில் ஜயவர்தன 302 ஓட்டங்களுடன் ஓட்டக்குவிப்பில் முதலிடம் பெற்றார். சிம்பாப்வேக்கு எதிராக அவர் எடுத்த 100 ஓட்டங்களே பன்னாட்டு இருபது20 ஆட்டங்களில் இலங்கையர் ஒருவரின் முதல் சதமாகும். அணி அரையிறுதியில் இங்கிலாந்திடம் தோற்றது. 2011 ஏப்ரலில் ஒருநாள் உலகக்கிண்ண இறுதியிலும் மும்பையில் இந்தியாவிடம் தோற்றது.

2012 தொடரை இலங்கையே நடத்தியது. அம்பாந்தோட்டையில் நடந்த தொடக்க ஆட்டத்தில் மென்டிஸ் சிம்பாப்வேக்கு எதிராக 8 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 6 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். பல்லேகலையில் நியூசிலாந்துடனான சமநிலை ஆட்டத்தைச் சூப்பர் ஓவரில் வென்ற இலங்கை, அரையிறுதியில் பாகிஸ்தானை 16 ஓட்டங்களால் தோற்கடித்தது.

அக்டோபர் 7ஆம் திகதி கொழும்பு பிரேமதாச மைதானத்தில் நடந்த இறுதியில், முதல் 10 ஓவர்களில் மேற்கிந்தியத் தீவுகள் 2 விக்கெட் இழப்புக்கு 32 ஓட்டங்களையே எடுத்திருந்தது. மென்டிஸ் 12 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆனால் மார்லன் சாமுவேல்ஸ் 56 பந்துகளில் 78 ஓட்டங்கள் விளாசி ஆட்டத்தின் போக்கையே மாற்றினார். அவரது தாக்குதலுக்கு அதிகம் இலக்கான மாலிங்க நான்கு ஓவர்களில் 54 ஓட்டங்களைக் கொடுத்தார். 138 ஓட்டங்கள் என்ற எட்டக்கூடிய இலக்கைத் துரத்திய இலங்கை 101 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. இந்த இறுதியிலும் டில்ஷான் ஓட்டம் எதுவும் பெறவில்லை. ஐந்தரை ஆண்டுகளில் இது நான்காவது உலகக்கிண்ண இறுதித் தோல்வி. தோல்விக்குப் பின்னர் ஜயவர்தன இருபது20 அணித்தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

கிண்ணம் கிடைத்த ஆண்டு: 2014

2014 தொடரோடு பன்னாட்டு இருபது20 ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெறுவதாகச் சங்கக்காரவும் ஜயவர்தனவும் முன்கூட்டியே அறிவித்திருந்தனர். இலங்கை தென்னாப்பிரிக்காவை 5 ஓட்டங்களால் வென்றது, நெதர்லாந்தை 39 ஓட்டங்களுக்குள் சுருட்டியது, இங்கிலாந்திடம் தோற்றது. மந்தமான பந்துவீச்சு வேகத்துக்காக அணித்தலைவர் தினேஷ் சந்திமால் ஓர் ஆட்டத்துக்குத் தடை செய்யப்பட, மாலிங்க தலைமையேற்றார். சந்திமால் அதன் பின் அத்தொடரில் ஆடவில்லை.

வென்றால்தான் அரையிறுதி என்ற நிலையில் நியூசிலாந்துக்கு எதிராக இலங்கை 119 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ரங்கன ஹேரத் 3.3 ஓவர்களில் 3 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 5 விக்கெட்டுகளை எடுக்க, நியூசிலாந்து 60 ஓட்டங்களில் முடிந்தது. மேற்கிந்தியத் தீவுகளுடனான அரையிறுதி ஆலங்கட்டி மழையால் தடைப்பட, டக்வேர்த்–லூயிஸ் முறைப்படி இலங்கை 27 ஓட்டங்களால் வென்றது.

ஏப்ரல் 6ஆம் திகதி மிர்பூரில் நடந்த இறுதியில் எதிரணி இந்தியா. விராட் கோலி 77 ஓட்டங்கள் எடுத்தபோதும், கடைசி நான்கு ஓவர்களில் இந்தியாவால் 19 ஓட்டங்களையே சேர்க்க முடிந்தது. மாலிங்கவும் நுவன் குலசேகரவும் சச்சித்ர சேனநாயக்கவும் துடுப்புக்கு எட்டாத தொலைவிலும் காலடியிலும் பந்துகளை இட்டு ஓட்டங்களை அடைத்தனர். கொழும்பு இறுதியில் மாலிங்க தவறவிட்டது இந்தக் கட்டுப்பாட்டையே. இந்தியா 130 ஓட்டங்களில் நின்றது. தொடர் முழுவதும் ஓட்டங்கள் சேர்க்கத் திணறிய சங்கக்கார, தம் கடைசி ஆட்டத்தில் 35 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 52 ஓட்டங்கள் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். திசர பெரேராவின் ஆறு ஓட்ட அடியுடன் இலங்கை 6 விக்கெட்டுகளால் வென்றது.

தகுதிச் சுற்றுக்கு இறக்கம்: 2016–2024

2016இல் இந்தியாவில் நடந்த தொடரில், காயமடைந்த மாலிங்க இன்றி மத்தியூஸ் தலைமையில் ஆடிய இலங்கை, நான்கு ஆட்டங்களில் ஆப்கானித்தானை மட்டுமே வென்றது. 2018 இறுதியில் தரவரிசையின் முதல் எட்டு இடங்களுக்குள் இல்லாததால், அடுத்த தொடரில் முன்னாள் வாகையாளரான இலங்கை நமீபியா, அயர்லாந்து, நெதர்லாந்து ஆகிய அணிகளோடு முதற்சுற்றில் ஆட நேர்ந்தது. 2021இல் அச்சுற்றை எளிதாகக் கடந்தாலும் அடுத்த சுற்றில் இரண்டு வெற்றிகளோடு நின்றது.

2022 செப்டம்பரில், நாடு கடும் பொருளாதார நெருக்கடியில் தவித்த வேளையில், துபாயில் பாகிஸ்தானைத் தோற்கடித்து இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. ஒரு மாதம் கழித்து அவுஸ்திரேலியாவில் உலகக்கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே நமீபியாவிடம் 55 ஓட்டங்களால் தோற்றது. மீண்டு அடுத்த சுற்றுக்குச் சென்றபோதும் அரையிறுதி கிட்டவில்லை. 2024இல் நியூயோர்க்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 77 ஓட்டங்களுக்குச் சுருண்டு, முதற்சுற்றுடன் வெளியேறியது.

மதிப்பீடு

2014இன் பின்னரும் இலங்கையில் பந்துவீச்சாளர்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. 2021இல் 16, 2022இல் 15 என விக்கெட்டுகளை வீழ்த்திய சுழற்பந்து வீச்சாளர் வனிந்து ஹசரங்க, அடுத்தடுத்த இரு தொடர்களிலும் முதலிடம் பெற்றார். இடைவெளி துடுப்பாட்டத்திலேயே விழுந்தது. இத்தொடர்களில் முதன்முதலில் ஆயிரம் ஓட்டங்களைக் கடந்தவர் ஜயவர்தன. அவர் சேர்த்த 1,016 ஓட்டங்கள் 2022இல் கோலி முந்தும்வரை சாதனையாக இருந்தன. டில்ஷான் 897 ஓட்டங்களும் சங்கக்கார 661 ஓட்டங்களும் எடுத்தனர். ஒரே காலத்தில் ஆடிய இம்மூவரும் இரண்டரை ஆண்டுகளுக்குள் விடைபெற்றனர். டில்ஷான் 2016இல் ஓய்வு பெற்றார். அவர்கள் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களின் இடத்துக்கு வீரர்களை ஆயத்தம் செய்யும் உறுதியான உள்நாட்டு இருபது20 தொடர் இலங்கையில் நிலைபெறவில்லை. 2012இல் நடந்த இலங்கை பிரீமியர் லீக் ஒரே பருவத்துடன் நின்றுபோனது. லங்கா பிரீமியர் லீக் 2020இலேயே தொடங்கியது. அதற்குள் தேசிய அணி தகுதிச் சுற்றுக்குத் தள்ளப்பட்டிருந்தது.