கிளாரா ஃபோல்ட்சும் பொதுக் காப்பு வழக்கறிஞர் பதவியும்

குற்றஞ்சாட்டப்பட்ட வறியோர்க்காக வாதாட அரசே ஊதியம் கொடுத்து அமர்த்தும் வழக்கறிஞரைப் பொதுக் காப்பு வழக்கறிஞர் எனலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இதற்கென மாவட்ட அளவில் அமைந்த முதல் அலுவலகம் 1914 சனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் தோன்றியது. வால்ட்டன் உட் என்பார் அதன் முதல் தலைவர். இதனை நோக்கி அப்பதவியின் வரலாற்றை 1914-இலிருந்தே தொடங்குவாரும் உளர். அது பொருந்தாது. இருபத்தோராண்டு முன்னரே அக்கருத்தை வகுத்துரைத்தவர் கிளாரா ஷார்ட்ரிட்ஜ் ஃபோல்ட்ஸ் (1849–1934) என்னும் அம்மையார்.

கலிபோர்னியச் சட்டம் வழக்கறிஞர் தொழிலை வெள்ளையின ஆடவர்க்கே உரியதாக்கியிருந்தது. கணவர் கைவிட, மக்கள் ஐவரைக் காக்கும் பொறுப்பேற்ற அம்மையார் அச்சட்டம் திருத்தப்பெறப் பாடுபட்டு, 1878-இல் அம்மாநிலத்தின் முதற் பெண் வழக்கறிஞரானார். மறுஆண்டு ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரி பெண் என்று இடந்தர மறுத்தபோது அதனையும் வழக்காடி வென்றார்.

அவரை நாடி வந்தோருட் பலர் வறியோர். அந்நாளில் வறியோர்க்கு வழக்கறிஞரை அமர்த்தும் உரிமை நீதிமன்றத்திற்கு உண்டு. அவ்வழக்கறிஞர்க்கு ஊதியந்தான் இல்லை. யூபா மாவட்டத்தின்மீது ரோ என்பார் தொடுத்த வழக்கில் 1860-இலேயே கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்திருந்தது. கூலியில்லா உழைப்பு எத்தன்மைத்தாய் இருக்குமென்பதை விரிக்க வேண்டுவதில்லை. 1893-இல் சிகாகோ உலகப் பொருட்காட்சியையொட்டி நடந்த சட்டச் சீர்திருத்தப் பேரவையில் அம்மையார் இக்குறையை எடுத்துரைத்தார். குற்றஞ்சாட்டுவோர்க்கு அரசு ஊதியம் தருகிறது. தீர்ப்பு வருமளவும் குற்றமற்றவன் என்றே கொள்ளப்படுபவனைக் காக்கவும் அரசே ஊதியம் தரல் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். காப்பு என்பது அறக்கொடை என்னும் நிலையினின்று அரசின் கடன் என்னும் நிலைக்கு மாறியது இவ்விடத்தேயாம். இம்மாற்றமே அவர்தம் பணியின் உயிர்நிலை என்பது நம் துணிபு.

இத்தகைய அம்மையார் 1910-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அரசுத் தரப்புத் துணை வழக்கறிஞராகப் பணியேற்றார். இதனை முரண் என்பாரும் இருக்கலாம். நாம் அங்ஙனம் கருதவில்லை. அவர் வேண்டியது வழக்குத் தொடுப்போரின் ஒழிவன்று, அவர்க்கு நிகரான எதிர்த்தட்டே.

1921-இல் கலிபோர்னியா ஏற்ற காப்பு வழக்கறிஞர் சட்டம் அவர் பெயராலேயே வழங்குவதாயிற்று. ஆயினும் அது அப்பதவியைத் தோற்றுவிக்க மாவட்டங்கட்கு இடந்தந்ததேயன்றிக் கட்டாயமாக்கவில்லை. பெருங்குற்ற வழக்குகளில் வறியோர்க்கு வழக்கறிஞரை அளித்தல் மாநிலங்களின் கடமையென ஐக்கிய நாட்டு உச்ச நீதிமன்றம் கிடியன் வழக்கில் தீர்ப்பளித்தது 1963-இல். அம்மையார் மறைந்து இருபத்தொன்பது ஆண்டுகட்குப் பின்னராகும்.