உழைச்செல்வார் மனம்: கொள்ளைநோய்க் காலமும் மருத்துவமனைப் பணியாளரும்

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள் (950) மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர் என்பன அவை. நான்காமவரை வள்ளுவர் ‘உழைச்செல்வான்’ எனக் குறிக்கிறார். ‘உழை’ என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தே செல்பவர் உழைச்செல்வார். இன்றைய தாதியர், மருத்துவ உதவியாளர், நோயாளர் கூடத்தைத் துப்புரவு செய்வோர் ஆகிய அனைவரையும் இச்சொல்லுள் அடக்கிக் கொள்ளலாம். பரிமேலழகர் உழைச்செல்வார்க்கு நான்கு இயல்புகளை வகுத்துரைக்கிறார்: நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொல்லியதைச் செய்யும் வன்மை, அறிவு. இவை நான்கும் உழைச்செல்வார் பிறர்க்குத் தரவேண்டியவை. அவர்க்குப் பிறர் தரவேண்டியவை யாவை? கொள்ளைநோய்க் காலங்களில் இவ்வினா உயிர்ப்பிரச்சினை ஆகிறது. பேராக் மாநிலத்தின் வரலாற்றை முன்வைத்து அதனை இவ்வுரையில் ஆராய முற்படுகிறோம்.

தோட்டத்து டிரெசர் முதல் நிப்பா வரை

1918 அக்டோபரில் உலகளாவிய சளிக்காய்ச்சல் மலாயாவில் கடுமையாகப் பரவியது. ரப்பர்த் தோட்டங்களில், நெருக்கமான லயன் வீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் அதற்குப் பெருமளவில் இரையாயினர். அக்காலத் தோட்டங்கள் பலவற்றில் டாக்டர் குறித்த நாளில் வந்து போவார். அன்றாடம் நோயாளியின் பக்கத்தே இருந்தவர் ‘டிரெசர்’. புண்ணுக்குக் கட்டுப்போடுபவர் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். ஆயினும் காய்ச்சல் பார்ப்பதும், கொயினா கொடுப்பதும், யாரை டாக்டரிடம் அனுப்புவது எனத் தீர்மானிப்பதும் அவர் தலையிலேயே விழுந்தன. அக்கால ஆட்சி அறிக்கைகள் எண்ணிக்கையின் மொழியில் அமைந்தவை. இறந்தோர் தொகையும் வேலை நின்ற நாட்களும் அவற்றின் அக்கறை. அடுத்தடுத்துப் பாடை எழக் கண்ட டிரெசர் அன்றிரவு உறங்கினாரா என்று கேட்கும் மொழி அதுவன்று.

மனநோய்க்கு மருத்துவம் அறவே இல்லாத இடமும் அன்று பேராக். சளிக்காய்ச்சலுக்கு ஏழாண்டுகள் முன்னரே, 1911இல், ஈப்போவுக்கு அண்மையிலுள்ள தஞ்சோங் ரம்புத்தானில் மனநோய் மருத்துவமனை நிறுவப்பட்டது. ஆனால் அந்த ஊர்ப்பெயரே மக்கள் வழக்கில் வசையாயிற்று. ‘தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போக வேண்டியவன்’ என்று ஒருவரைச் சொல்வது அவர் பேச்சுக்கு மதிப்பில்லை என்று தள்ளுவதாகும். அம்மருத்துவமனை இன்று ‘பஹாகியா’ என்னும் பெயர் தாங்குகிறது. மலாய் மொழியில் அச்சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். பெயர் மாறியும் வசை முற்றும் ஒழியவில்லை. உதவி தேடுவதையே இழிவாக்கும் சொற்சூழலில், மருத்துவமனைப் பணியாளரும் தம் சோர்வை மறைக்கவே கற்றுக் கொள்கின்றனர்.

1998இன் இறுதியில் கிந்தா மாவட்டம் மற்றொரு நோயைக் கண்டது. ஈப்போவைச் சூழ்ந்த பன்றிப் பண்ணைகளில் தொழில் செய்தோர் மூளைக்காய்ச்சலால் வீழ்ந்தனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசுப்புகை அடித்தனர், தடுப்பூசியும் போட்டனர். 1999 மார்ச்சில்தான் அது புதியதொரு நச்சுயிரி என்பதை மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் கண்டறிந்தார். நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா என்னும் சிற்றூரால் அது ‘நிப்பா’ எனப் பெயர் பெற்றது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். அவர்களுள் 105 பேர் மாண்டனர். பெயர் தெரியாத நோய்க்கு, பிறிதொரு நோயின் பெயரை வைத்துக் கொண்டு, மாதக்கணக்கில் உழைச்செல்வார் பணிசெய்தனர். தாம் அஞ்சுவது எதற்கு என்பதையே அறியாத அச்சம் மனத்தை அரிக்கும் தன்மையது.

கோவிட் ஆண்டுகள்

2020 ஜனவரி 25 அன்று மலேசியாவில் கோவிட்-19 முதன்முதலாக உறுதிப்பட்டது. மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. ஊர் வீட்டுக்குள் அடங்கிய அந்நாட்களில் சிலிபின், புந்தோங் முதலிய பகுதிகளிலிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு வேலைக்குப் போனவர்கள் வழக்கம்போல் போய்க்கொண்டுதான் இருந்தனர். 2021 ஆகஸ்டு 26 அன்று நாட்டில் ஒரே நாளில் 24,599 தொற்றுகள் பதிவாயின. அந்த எண்ணுக்குப் பின்னே படுக்கையின் அருகில் நின்றவர்களின் நெடிய பணிநேரம் இருந்தது.

அவர்கள் மனம் பட்ட பாட்டை ஆய்வுகள் ஓரளவு அளந்துள்ளன. சீனாவில் நோய் வெடித்த தொடக்க வாரங்களில் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 பணியாளரிடம் நடத்திய ஆய்வில் 50.4 விழுக்காட்டினர் மனச்சோர்வின் அறிகுறிகளைக் காட்டினர். தாதியரும் பெண்களும் நோயாளரை நேரே கவனித்தோரும் மிகுதியாகத் தாக்குண்டனர். இச்சோர்வு நோயோடு போய்விடுவதுமில்லை. 2003இல் சார்ஸ் நோயைச் சந்தித்த கனடாவின் டொராண்டோ நகரப் பணியாளரை, நோய் ஓய்ந்து 13 முதல் 26 மாதங்கள் கழிந்தபின் ஆராய்ந்தனர். சார்ஸ் தீண்டாத அண்டை நகரத்தாரைவிட அவர்களிடம் மனத்துயரும் பணிச்சலிப்பும் மிகுந்திருந்தன. தமக்குப் போதிய பயிற்சியும் ஆதரவும் கிடைத்ததாக உணர்ந்தோர் குறைவாகவே துயருற்றனர் என்பது அவ்வாய்வு தந்த மற்றொரு செய்தி. மாணவர்கள் இதனைக் குறித்துக் கொள்ளுதல் வேண்டும்.

துயரின் நான்கு ஊற்றுகள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. தொல்காப்பியர் எழுதியது மருத்துவ நூலன்று. செய்யுளில் தோன்றும் உணர்வையே அவர் வகுத்தார். எனினும் கோவிட் காலத்துப் பணியாளரின் துயரை வகைப்படுத்த இந்நான்கும் துணை செய்கின்றன.

இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். 2020 ஏப்ரலில் சென்னையில் கோவிட்டால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. ஊர்தியில் வந்தோர் காயமுற்றனர். நண்பரான மற்றொரு மருத்துவர் இரவில் மண்ணைத் தம் கையால் தள்ளி அடக்கத்தை முடித்தார். நோய் தீர்த்தவர்க்கு ஆறடி நிலம் மறுக்கப்பட்ட செய்தி, உயிரோடிருந்த பணியாளர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் தைத்திருக்கும்.

இழவு என்பது உற்றாரை இழத்தல். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரையிலான மருத்துவப் பணியாளர் கோவிட்டால் இறந்திருக்கக்கூடும் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. உறவினர் அனுமதிக்கப்படாத கூடங்களில் பிறர் வீட்டு இழவையும் பணியாளரே அருகிருந்து சுமந்தனர்.

அசைவு என்பது முன்னைய நிலை தாழ்ந்து வருந்துதல். 2016 முதல் மலேசியாவில் இளம் மருத்துவர் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டனர். நோய் உச்சம் நோக்கி ஏறிய 2021 ஜூலை 26 அன்று, நிலையான பணியும் மேற்பயிற்சி வாய்ப்பும் வேண்டி அவர்கள் பல அரசு மருத்துவமனைகளில் பணியிடத்தை விட்டு வெளியே வந்து நின்றனர். எதிர்காலம் உறுதியற்றுத் தொங்கும்போது இன்றைய இரவுப்பணி இருமடங்கு கனக்கும்.

வறுமை என்பது வேண்டுவன இல்லாமை. 2020 ஜூன் 2 அன்று ஈப்போ மருத்துவமனையின் முன்பு துப்புரவுப் பணியாளர் சங்கத்தினர் மறியல் செய்தனர். போதிய பாதுகாப்புக் கவசமும் தொழிற்சங்க உரிமையும் அவர்தம் கோரிக்கைகளுள் அடங்கும். கூட்டம் கூடக் கூடாது என்னும் விதியை மீறியதாக ஐவர் கைது செய்யப்பட்டனர். ‘முன்களப் பணியாளர்’ என்று நாடு வாழ்த்திய அதே மாதங்களில் இது நிகழ்ந்தது. அவ்வாழ்த்தைக் கேட்டோர் மனக்கண்ணில் மருத்துவரின் வெள்ளை அங்கி தோன்றியிருக்கலாம்; துடைப்பம் ஏந்திய பெண்மணி தோன்றியிருப்பாரா என்பது ஐயமே.

மீள்வதும் மீட்பதும்

இடர்ப்பட்டு மீண்டெழும் ஆற்றலை இன்று ‘மீள்திறன்’ என்கிறோம். நல்ல சொல்லாக்கம், ஆயினும் அதன் வேர் தன்வினையில் நிற்கிறது. மீண்டான் என்பது தன்வினை. மீட்டான் என்பது பிறவினை. தேறினாள், தேற்றினாள் என்பனவும் அத்தகையன. புண் ஆறும், அதனை ஆற்றுவாரும் உளர். மனம் நலம்பெறுதலைக் குறிக்கும் நம் வினைகள் பலவும் இவ்வாறு இணைகளாகவே வழங்குகின்றன. மனம் தேறுவதற்குத் தேற்றுவார் ஒருவர் வேண்டும் என்னும் வாழ்வறிவு அவ்விணைகளில் படிந்திருப்பதாகவே நாம் கருதுகிறோம்.

மீள்திறனைப் பணியாளரிடம் மட்டும் எதிர்பார்ப்பது இணையில் ஒரு பாதியை மறப்பதாகும். மீளும் திறன் அவருடையது. மீட்கும் கடமை அவரைப் பணிக்கமர்த்திய நிறுவனத்துக்கும் அவரால் காக்கப்பட்ட சமூகத்துக்கும் உரியது. டொராண்டோ ஆய்வு கூறியதும் இதுவே: பயிற்சியும் ஆதரவும் பெற்ற மனம் குறைவாக உடைந்தது. நியூயார்க் நகர அவசரப் பிரிவு மருத்துவர் லார்னா பிரீன் 2020 ஏப்ரலில் தம்முயிர் நீத்தபின், மனநல உதவி தேடினால் பணிவாழ்வு கெடும் என்னும் அச்சம் அந்நாட்டில் பேசுபொருளாயிற்று. 2022இல் அவர் பெயராலேயே மருத்துவப் பணியாளரின் மனநலம் காக்கச் சட்டம் வந்தது. ‘வீரர்’ என்னும் பட்டம் பெற்றவர் ‘எனக்கு முடியவில்லை’ என்று சொல்ல நாணுவார். அந்த நாணத்தை நீக்கும் பொறுப்பு பட்டம் தந்த நம்முடையதே.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருத்துவம் உண்டு என்பதை எளிய தமிழில் வகுப்பறையில் சொல்லுங்கள். ஊர்ப்பெயரை வசையாக்கும் வழக்கை உங்கள் நாவிலிருந்து அகற்றுங்கள். உங்கள் குடும்பத்தில் டிரெசராக, தாதியாக, கூடம் துடைப்பவராக உழைத்தவர் இருந்தால், அவர் அந்நாட்களில் கண்டதையும் அஞ்சியதையும் கேட்டு எழுதி வையுங்கள். 1918இன் டிரெசரைக் கேட்பார் இல்லாமற் போயிற்று. கோவிட் காலத்து உழைச்செல்வார் இன்றும் நம் தெருவில் வாழ்கின்றனர். அவர்களைக் கேட்க நமக்கு இன்னும் காலம் இருக்கிறது.