ஜின்னா, மருந்தா? புத்தளக் கரையோரத்தின் ஒரு கேள்வி

மனநோய்க்கு மருந்து கொடுக்கப்பட்ட பிள்ளை ஒன்றுக்கு மூன்றாம் நாள் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. கண்மணிகள் மேலே செருகி நிற்கின்றன. நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறுகிறது. ஆனால் பிள்ளைக்கு நினைவு தப்பவில்லை. சுற்றி நிற்பவர்கள் பேசுவதெல்லாம் அதற்குக் கேட்கிறது. புத்தளக் கரையோரத்தில் இந்தக் காட்சிக்கு இரண்டு வகைப் பெயர்கள் உண்டு. ஊரில் இதனை ஜின் என்பார்கள், பேய் என்பார்கள். வைத்தியசாலையில் மருந்தின் பக்கவிளைவு என்பார்கள். வீட்டார் எந்தப் பெயரை முதலில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தே, அந்தப் பிள்ளையின் துன்பம் அரை மணி நேரத்தில் தீருமா, நாட்கணக்கில் நீளுமா என்பது முடிவாகிறது.

இவ்விரு பெயர்களும் ஒரே கரையில் எவ்வாறு வந்து சந்தித்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், புத்தளம் வழியாகக் கற்பிட்டி முனை வரை செல்லும் கரையோரம் நான்கு மதத்தாரின் நேர்த்திக் கடன்களால் நிறைந்தது. சிலாபத்துக்கு அருகே முன்னேஸ்வரம். அங்குள்ள காளியிடம் முறையிடத் தமிழரோடு சிங்கள பௌத்தரும் வருகின்றனர். உடப்பில் திரௌபதை அம்மன் ஆலயத்துப் பூமிதிப்பு. கற்பிட்டிப் பாதையில் தலவில புனித அன்னம்மாள் திருத்தலம். ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் ஓகஸ்டிலும், பெருந்திரளானோர் அங்கே கூடாரமடித்துத் தங்குவார்கள். முஸ்லிம் ஊர்களில் ஓதிப் பார்ப்பதும், ஓதிய தண்ணீர் கொடுப்பதும் பழைய வழக்கங்கள். மனம் குழம்பியவரை வீட்டார் முதலில் அழைத்துச் சென்ற இடங்கள் இவைதாம். இதனை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அவர்கள் செல்வதற்கு வேறு இடம் என்ன இருந்தது?

அரசாங்கம் வைத்திருந்த இடமெல்லாம் கொழும்பில் இருந்தது. 1847இல் பொரளையில் ஒரு பைத்தியசாலை. 1873இல் அதற்கென ஒரு சட்டம். அச்சட்டத்தின்படி மனநோயாளி நீதிமன்றத்தின் வழியாகவே அங்கு சென்றார். 1884இல் கறுவாத்தோட்டத்தில் இன்னொரு கட்டடம். அதுவும் நிரம்பி வழிய, 1926இல் அங்கொடை. புத்தளத்துக்குப் புகையிரதப் பாதை வந்ததும் அதே 1926ஆம் ஆண்டில்தான். உப்பு ஏற்றிச் சென்ற அதே பாதையால் நோயாளியையும் கொண்டுசெல்ல வழி பிறந்தது. எனினும் அங்கொடை என்ற சொல்லே வசையாகிப் போன நாட்டில், பெற்ற பிள்ளையை அங்கே அனுப்ப எத்தனை பேர் துணிந்திருப்பார்கள்? அனுப்பினாலும் அங்கே மருந்து என்று சொல்லத்தக்கதாகப் பெரிதாக எதுவும் அக்காலத்தில் இருக்கவில்லை. அடைத்து வைப்பதுதான் வைத்தியம்.

மருந்து பிறந்தது பாரிஸ் நகரில். 1952இல் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு வைத்தியர்கள் குளோர்ப்புரோமசீன் என்னும் மருந்தைத் தம் மனநோயாளருக்குக் கொடுத்துப் பெற்ற பலனை வெளியிட்டார்கள். கூச்சலிட்டுக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் அவிழ்த்துவிடப்பட்டார்கள். அவ்வைத்தியசாலையின் பெயர் செயின்ட் ஆன், அதாவது புனித அன்னம்மாள். தலவிலக் கடற்கரையில் பிள்ளையை மடியில் கிடத்தி எந்தப் பெயரைச் சொல்லித் தாய்மார் அழுதார்களோ, அதே பெயர் தாங்கிய இடத்திலிருந்துதான் மருந்து புறப்பட்டது. பெயர் ஒற்றுமைதான், வேறொன்றுமில்லை. ஆயினும் என் மனத்தில் பதிந்துபோன ஒற்றுமை அது.

மருந்து வந்த இரண்டே ஆண்டுகளில் அதன் மறுபக்கமும் தெரிந்தது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ஹான்ஸ் ஸ்டெக் என்பவர், குளோர்ப்புரோமசீனும், சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கப்பட்ட ரிசர்ப்பினும் நோயாளரின் அசைவுகளைப் பாதிப்பதை 1954இல் எழுதினார். உடல் விறைத்தது, கை நடுங்கியது, முகம் உணர்ச்சியற்றுப்போனது. 1958இல் பெல்ஜியத்தில் போல் ஜான்சென் கண்டறிந்த ஹலோபெரிடோல் இன்னும் வலியது. கழுத்தும் கண்ணும் திருகிக்கொள்ளும் விளைவு அதில் இன்னும் கூடுதலாகக் காணப்பட்டது. மூளையில் தசைகளின் இயக்கத்தைச் சமன்செய்யும் டோபமீன் என்ற இரசாயனத்தை இம்மருந்துகள் தடுப்பதே காரணம். மருந்து தொடங்கிய, அல்லது அளவு கூட்டப்பட்ட, முதல் நான்கைந்து நாட்களுக்குள்ளேயே இது பெரும்பாலும் வருகிறது. முதியவர்களைவிடச் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் இது அதிகம் வருகிறது. அவர்களிலும் ஆண்பிள்ளைகளுக்கு அதிகம். வாந்திக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளும் இதே வேலையைச் செய்வதுண்டு. வலிப்பு என்றும், ஏற்புவலி என்றும், நடிப்பு என்றும் வைத்தியர்களே மயங்கிய சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. அப்படியிருக்க, கிடுகுக் கொட்டிலில் இருந்த ஒரு தாய் மயங்கியதில் என்ன வியப்பு?

அந்தக் கிடுகுக் கொட்டில்கள் வந்த கதையையும் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் விரட்டப்பட்ட ஏறத்தாழ 75,000 பேரில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். புத்தளத்தைச் சுற்றியும், பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி செல்லும் பாதை நெடுகிலும் முகாம்கள் முளைத்தன. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணமுடித்தது. 2011இல் இம்மக்களிடையே 450 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, 18.8 சதவீதத்தினருக்குப் பொதுவான மனநோய்களில் ஏதேனும் ஒன்று இருந்ததாகக் கண்டது. வெளியேற்றம் நடந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் எடுக்கப்பட்ட கணக்கு அது. அதுவும் வளர்ந்தவர்களின் கணக்கு.

பத்திரிகைப் பணியின் நிமித்தம் 1990களின் நடுப்பகுதியில் அம்முகாம்களுக்குச் சிலமுறை சென்றிருக்கிறேன். ஒரு மாலையில் முகாம் ஒன்றில் பதின்மூன்று வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் நான் மேலே சொன்ன கோலத்தில் பாயில் கிடந்தான். பல மாதங்களாக உறக்கமில்லாமல், யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு இரவில் எழுந்து நடந்தவன். தொலைவிலுள்ள ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் குளிசை வாங்கி வந்து மூன்று நாட்களாகியிருந்தன. பாட்டியார் தலைமாட்டில் ஓதிக்கொண்டிருந்தார். ஜின்னை விரட்டுபவரை அழைத்துவர ஆள் போயிருந்தது. அப்போது முகாமிலேயே இருந்த, ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவர் வந்து பார்த்தார்.

"இது ஜின் இல்லை தங்கச்சி. குடுத்த குளிசையைக் கொண்டு வாங்க" என்றார் அவர்.

கொண்டுவரப்பட்ட கடித உறையில் காலை ஒன்று, இரவு ஒன்று என்பதைக் குறிக்கும் கோடுகள் மட்டுமே இருந்தன. மருந்தின் பெயர் இல்லை. இப்படி நேரக்கூடும் என்று தாயிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லியிருக்கவில்லை. லொறி ஒன்றில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். ஓர் ஊசி. அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகி, பையன் தண்ணீர் கேட்டான். கோடைக்கால இடிபோல வந்த துன்பம் அப்படியே ஓய்ந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. பயந்துபோன குடும்பம் மருந்து முழுவதையும் வாய்க்காலில் கொட்டிவிட்டது. சில வாரங்களில் பையனுக்குப் பழைய நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியதாகப் பின்னர் அறிந்தேன். ஒவ்வாத மருந்தின் இரண்டாவது ஆபத்து இதுதான். முதலாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது மெல்ல வரும். கழுத்துத் திருகியது என்பதற்காக எல்லா மருந்தையும் நிறுத்தவேண்டும் என்பதில்லை. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், பென்ஸ்ஹெக்சோல் போன்ற மாற்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் இவற்றைச் செய்ய வேண்டியவர் வைத்தியர். அவரிடம் மீண்டும் போவதற்கு நம்பிக்கை வேண்டும், பஸ் காசும் வேண்டும்.

சிறுவருக்கு மனநோய் மருந்து கொடுப்பதன் வரலாற்றையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில், மூளைக்காய்ச்சலால் பாதிக்கப்பட்ட தம் மகள் எம்மாவின் பெயரில் ஒரு பெற்றோர் அமைத்த வைத்தியசாலை 1931இல் தொடங்கிற்று. அங்கே 1937இல் சார்ள்ஸ் பிராட்லி என்ற வைத்தியர் 30 பிள்ளைகளுக்குப் பென்செட்ரின் கொடுத்து அவர்களின் நடத்தையில் ஏற்பட்ட மாற்றத்தை எழுதினார். சிறுவர் மனநல மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்கப்படுகிறது. ஒரு பெற்றோரின் துயரத்தில் எழுந்த இடம் அது.

அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2003இல், பரொக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தைப் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்க வேண்டாம் என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டாளர் எச்சரித்தார். 2004இல் அமெரிக்காவில் அவ்வகை மருந்துகள் பற்றிப் பகிரங்க விசாரணைகள் நடைபெற்றபோது பெற்றோர் பலர் எழுந்து, மருந்து தொடங்கிய பின்னர் தம் பிள்ளைகளிடம் கண்ட மாற்றங்களைச் சாட்சியமாகச் சொன்னார்கள். பரிசோதனைகளின் தொகுப்பும், தற்கொலை எண்ணமோ முயற்சியோ ஏற்பட்டோர் மருந்து உண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு நான்கு, வெற்றுக் குளிசை உண்டவர்களில் நூற்றுக்கு இரண்டு என்று காட்டிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் மருந்துகளின் விவரக்குறிப்பில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை பொறிக்க உத்தரவாயிற்று. மருந்துகள் தடைசெய்யப்படவில்லை. பலருக்கு அவை பயன்படுகின்றன. முதல் வாரங்களில் பிள்ளையைக் கண்காணிக்கவேண்டும் என்பதே எச்சரிக்கையின் சாரம். கண்காணிப்பவர் யார்? வைத்தியர் மாதம் ஒருமுறை பார்க்கிறார். தாய் நாள் முழுவதும் பார்க்கிறார்.

நான் சொல்லவருவது இதுதான். மருந்து செய்யும் தீங்கு பற்றிய அறிவு ஆய்வுகூடத்தில் மட்டும் பிறந்ததன்று. பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொன்னதாலும் பிறந்தது. தாய் கண்டதை ஜின் என்று ஊர் மூடிவிட்டாலும், "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று வைத்தியசாலை மூடிவிட்டாலும் இழப்பு ஒன்றுதான்.

இந்த இழப்பைக் குறைக்கும் வழிகளில் ஒன்றை இந்நாட்டவர் ஒருவரே உலகுக்குச் சொன்னார். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் மூலம், கம்பனிகள் சூட்டிய வியாபாரப் பெயரில் அல்லாது மருந்தின் சொந்தப் பெயரில் அது வழங்கப்படவேண்டும் என்ற கொள்கையை நடைமுறைப்படுத்த முயன்றார். 1977இல் கயானாவில் அவர் காலமானார். மலிவு விலைக்காக மட்டும் அவர் நினைக்கப்படுகிறார். ஆனால் பெயர் தெரிந்த மருந்துதான் விசாரிக்கப்படக்கூடிய மருந்து. பெயரில்லாத உறையைக் கையில் வைத்திருக்கும் தாய், அடுத்த வைத்தியரிடம் எதைச் சொல்வார்? 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டு, கிடைத்ததை வாங்கவேண்டிய நிலை வந்தபோது இக்கேள்வி இன்னும் கூர்மையடைந்தது.

நிலைமை மாறவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 2004 டிசம்பரின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005இல் நாட்டின் மனநலக் கொள்கை வந்தது. மனநல சேவையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்வது அதன் நோக்கம். மனநலத்துக்கெனப் பயிற்றப்பட்ட வைத்திய அதிகாரிகள் கொழும்புக்கு வெளியேயும் நியமிக்கப்பட்டார்கள். அங்கொடை வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகமாயிற்று. அதன் உதவித் தொலைபேசி இலக்கம் 1926, அந்த வைத்தியசாலை எழுந்த ஆண்டு. 2016இல் தொடங்கிப் பின்னர் தீவு முழுவதும் பரவிய இலவச நோயாளர் காவுவண்டியின் இலக்கம் 1990. புத்தளத்து அகதிகளுக்கு அந்த எண் வேறொன்றை நினைவூட்டும். லொறியைத் தேடி ஓடிய அதே மக்களின் பிள்ளைகள் இன்று அந்த எண்ணைச் சுழற்றி வண்டியை அழைக்கலாம்.

வாசகர்கள் பலர் புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கிறீர்கள். அங்கும் பிள்ளைகளுக்கு இத்தகைய மருந்துகள் எழுதிக் கொடுக்கப்படுகின்றன, ஊரிலும் உறவினர்களின் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகின்றன. ஆகவே நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்லலாம். மருந்தின் பெயரையும் அளவையும் தொடங்கிய திகதியையும் கொப்பி ஒன்றில் எழுதி வையுங்கள். உறையை எறியாதீர்கள். என்ன கண்டீர்கள், எந்த நாளில், எந்த நேரத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். கழுத்தோ கண்ணோ திருகிக்கொண்டாலும், மூச்சுவிடவோ விழுங்கவோ கடினமானாலும், கடுங்காய்ச்சலோடு உடல் விறைத்துப் புத்தி தடுமாறினாலும், தோலில் கொப்புளமும் வாய்ப்புண்ணும் தோன்றினாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் மருந்தையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பிள்ளை முன்னில்லாதவாறு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டேயிருந்தால், அது குறும்பு என்றோ நோய் முற்றியது என்றோ எண்ணிவிடாதீர்கள். அதுவும் மருந்தின் வேலையாக இருக்கலாம். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். இப்படியான ஆபத்து எதுவும் இல்லாதபோது மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஓதுவதை நிறுத்துங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். தலவிலவுக்கு நேர்த்தி வைத்தவர் அதைச் செலுத்தட்டும். உடப்பில் தீ மிதிப்பவர் மிதிக்கட்டும். பயந்த பிள்ளையின் தலையை வருடியபடி பாட்டி ஒருவர் ஓதுவதில் ஆறுதல் உண்டு. ஆனால் அந்த ஓதல் காவுவண்டிக்குள் நடக்கட்டும். மருந்து உறை தாயின் கையில் இருக்கட்டும்.